கோர்ட் ஸ்டாப்பில் இறங்கியவர்கள்

கும்மிடிப்பூண்டியிலிருந்து பொன்னேரி வரும் பஸ்ஸில் இன்று ஓர் ஒடிசா இளைஞர், "அக்கா, கோர்ட்டு ஸ்டாப்பு எது?" என்று என்னிடம் கேட்டார்.

பக்கத்தில் மீன்கூடையோடு இருந்த அக்கா முந்திக்கொண்டார். "இன்னாடா பண்ண? யாரையாவது அட்ச்சிட்டியா?"

"நான் ஒண்ணும் பண்லக்கா. காண்ட்ராக்டர் என் ஆதார் கார்ட வாங்கி வெச்சிக்கினு தர மாட்றாரு. வேற கம்பெனிக்குப் போவ முடில."

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டையில் கற்ற தமிழாம். என் தமிழைவிடச் சரளம்.

"வக்கீலுக்கு டப்பு வெச்சிக்கிறியா?" என்றார் கண்டக்டர்.

பஸ்ஸில் வாயே திறக்காத நான் திறந்தேன். ஆதாரைப் பிடித்து வைக்கக் காண்ட்ராக்டருக்கு உரிமை கிடையாது. கோர்ட் வளாகத்திலேயே இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது. தொழிலாளி எந்த ஊர்க்காரரானாலும் வக்கீலுக்குப் பணம் தர வேண்டாம்.

"பொம்பளைங்களுக்கு?" என்றார் மீன்கார அக்கா.

"உங்களுக்கும் வேண்டாம்க்கா."

என் பக்கம் நன்றாகத் திரும்பி, "நெசமாவா?" என்றார்.

கோர்ட் ஸ்டாப்பில் இளைஞர் இறங்கினார். பின்னாலேயே அக்காவும். "புள்ளைக்கு வழி தெரியாது, காட்டிட்டுப் போறேன்."

அவர் இறங்க வேண்டிய மார்க்கெட் ஸ்டாப் இன்னும் வரவில்லை. தூக்கிக்கொண்டு போன கூடையில் மீன் விற்காமல் அப்படியே இருந்தது.

வழி காட்டத்தான் இறங்கினார் என்று நான் நம்புகிறேன். நீங்கள்?