பால் குடித்த கடல் சாமந்தி

எங்கள் சங்கரன்கோவிலுக்கும் கடலுக்கும் உள்ள சொந்தம் கருவாட்டுக் கடையோடு சரி. குடிதண்ணீர் எப்போது வரும் என்று குழாய்க்கே தெரியாத ஊர் இது. ஆனால் என் வீட்டு முன்னறையில் மட்டும் கடல் ஓயாமல் அலையடிக்கும். கண்ணாடித் தொட்டிக்குள் ஒரு மோட்டார், அலை உண்டாக்குவதற்கென்றே. அடுப்படியில் கிரைண்டர் இருந்த இடத்தில் இப்போது நீல டிரம் நிறையக் கலக்கி வைத்த உப்புத் தண்ணீர். கிரைண்டர் எங்கே என்கிறீர்களா? கட்டிலுக்கடியில் சௌக்கியமாக இருக்கிறது.

இத்தனைக்கும் நான் வாய் செத்தவள் இல்லை. பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. என் வீட்டுக்காரர் துபாயில் ஏ.சி. மெக்கானிக். கம்பெனியை மூடியதும் ஊர் வந்து சேர்ந்தார். பெட்டி வந்தது, ஆள் வந்தார், பேச்சு மட்டும் வரவில்லை. சாப்பிடுகிறீர்களா என்றால் ‘ம்’. உடம்புக்கு என்ன என்றாலும் ‘ம்’. மாதக்கணக்கில் அந்த ஒற்றை எழுத்தை வைத்துத்தான் குடும்பம் நடத்தினோம். அவர் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருப்பார். துபாயில் ஏதோ ஓட்டலில் ஏ.சி. சரி பண்ணப் போன இடத்தில் பார்த்தாராம், அதே மாதிரி கடல்மீன் தொட்டி ஒன்றை வைத்தார். அன்றைக்குத் திறந்த வாய்தான். உப்பு, சூடு, பாசி, மீனின் மூச்சு என்று காலையில் பல் விளக்கும்போது ஆரம்பித்தால் படுக்கிறவரை நிற்காது. தலைவலிதான். ஆனால் அந்தத் தலைவலி போய்விடக் கூடாதே என்று சங்கரலிங்க சாமியை நான் வேண்டிக்கொண்டது அவருக்குத் தெரியாது.

தொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளைப் பட்டை போட்ட இரண்டு கோமாளி மீன்கள். அனிமோன் என்கிற கடல் சாமந்திக்குள்தான், பூ மாதிரி விரிகிற ஒரு கடல் பிராணிக்குள்தான், அவை குடியிருக்குமாம். அது இல்லாததால் பாவம், மோட்டாரை உரசிக்கொண்டு கிடக்கின்றனவாம். பூ மார்க்கெட்டில் சாமந்தி மூட்டை மூட்டையாக வந்து இறங்குகிற ஊர். என் வீட்டுத் துரைக்குக் கடலில் பூத்ததுதான் வேண்டும்.

ஒரு வியாழக்கிழமை பார்சலில் வந்து சேர்ந்தது. பிளாஸ்டிக் பைக்குள், கசக்கிப் போட்ட தக்காளி போல ஒரு வஸ்து. பையைத் தொட்டியில் மிதக்கவிட்டார். பிறகு அதை ஒரு வாளியில் இறக்கி, மருந்துக்கடையில் வாங்கிய குளுக்கோஸ் குழாய் வழியாகத் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விட்டார். புதுத் தண்ணீர் அதற்குப் பழக வேண்டுமாம். நான் கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்தபோது எனக்கு யாரும் சொட்டுச் சொட்டாக விடவில்லை. நேராக அடுப்படியில்தான் இறக்கினார்கள்.

சாயங்காலம் அதைப் பாறைமேல் வைத்தார். அது நடந்துபோய் மோட்டாரில் மாட்டினால் அரைபட்டுவிடும் என்று மோட்டாருக்கு வலை கட்டினார். “ஏட்டி, நாளைக்கு இது சுருங்கும், விரியும். யாரும் கை வைக்கப்பிடாது. இது செத்தா தண்ணியே விஷமாயிரும், மீனும் போயிரும்” என்றார்.

மறுநாள் காலையில், அவருடன் துபாயில் வேலை பார்த்தவரின் அப்பா இறந்துவிட்டார் என்று தகவல். துஷ்டி கேட்கக் குருவிகுளம் போய்விட்டார். வெள்ளிக்கிழமை வேறு. கோயிலுக்குப் போய்விட்டு என் மதினி வந்தாள், அவருடைய அக்கா. நான் கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்து பார்த்தால் கடல் வெள்ளையாக இருக்கிறது. மதினி கையில் காலித் தம்ளர். தொட்டிக் கண்ணாடியில் மஞ்சள் குங்குமம்.

“மதினி, என்ன ஊத்துனீங்க?”

“பாலுதான். விரிஞ்சா இப்படி இருக்கும்னு நேத்து போன்ல ஒரு போட்டோ அனுப்புனான்லா, நெளிநெளியா அத்தனை தலை. நாகம்லா ட்டி அது! இன்னைக்குப் பாத்தா வாடிச் சுருண்டு கெடக்கு. வெள்ளிக்கெழம வீட்டுக்கு வந்த நாகத்தப் பட்டினி போடலாமா?”

கோயிலில் பாம்புப் புற்று மண்ணே பிரசாதமாக இருக்கிற ஊரில் மதினிக்கு அது நாகமாகத்தான் தெரியும். “எய்யா, நாசமாப் போச்சு!” என்று தலையிலடித்துக்கொண்டேன். மதினி முகம் சுண்டிப்போனது. “அது செத்துட்டா அவன் பழையபடி ஊமையாயிருவானோன்னு பயந்துதான் ட்டி ஊத்துனேன்” என்று அழ ஆரம்பித்தாள். அதற்குமேல் அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. என் பயமும் அதுதானே.

அவருக்குப் போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. பிணம் எடுக்கிற நேரத்தில் யார் போனை எடுப்பார்கள்?

சேலையைத் தூக்கிச் செருகினேன். குழாயைப் போட்டுப் பால் தண்ணீரை வாளி வாளியாக உறிஞ்சி வெளியே விட்டேன். காற்று மோட்டாரைக் கூட்டினேன். அழுக்கை நுரையாகப் பிரிக்கிற மிஷினைத் திருகிவிட்டேன். தண்ணீரைத் தெளியவைக்கிற கரிப் பையை அலசித் தொட்டிக்குள் தொங்கவிட்டேன். டிரம் தண்ணீரில் ஒரு சொட்டு எடுத்து, உப்பு பார்க்கிற குழலில் விட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். முப்பத்தைந்து, கடலில் இருக்கிற அதே அளவு. சூட்டையும் பார்த்துவிட்டு மெதுவாக ஊற்றினேன். டிரம் காலியானது. மதினி வாளி தூக்கியபடி, “இதெல்லாம் எங்கட்டி படிச்ச?” என்றாள்.

“காதுக்குக் கதவா இருக்கு, மதினி?”

பொழுது சாய அவர் வந்தார். துஷ்டி வீட்டுக்குப் போனவர் குளிக்காமல் வீட்டில் எதையும் தொடக் கூடாது. கொல்லையில் நின்றபடியே விஷயத்தைக் கேட்டார். தலையில் தண்ணீரை ஊற்றிக்கொண்டே கத்தினார்.

“உப்பு பாத்தியா?”

“முப்பத்தஞ்சு.”

“கரி?”

“போட்டாச்சு.”

ஈரத் துண்டோடு வந்து தொட்டி முன்னால் உட்கார்ந்தார். தண்ணீர் இன்னும் மங்கலாகத்தான் இருந்தது. அனிமோன் கொட்டைப்பாக்கு அளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. மதினி பயந்து பயந்து, “எய்யா, கோவமா?” என்றாள்.

“ம்.”

காப்பி கொடுத்தேன். ‘ம்’. விளக்கு போட்டேன். அதற்கு அதுவும் இல்லை.

அந்த மனிதரிடம் மீனைப் பற்றி நானாக ஒரு கேள்வி கேட்டவளில்லை. அன்றைக்கு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து கேட்டேன். “ஏங்க, அது அடிப்பாகம் இன்னும் பாறையப் பிடிச்சிக்கிட்டுதான இருக்கு? செத்தது பிடிக்குமா?”

குனிந்து பார்த்தார். “பிடிக்காது” என்றார். பிறகு, “செத்தா வாய் பொளந்துரும். இதுக்கு வாய் மூடித்தான் இருக்கு. அதாவது என்னன்னா ஏட்டி…” என்று ஆரம்பித்தார். மதினி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சோறு ஆறிப்போனது.

அனிமோன் பிழைத்துக்கொண்டது, இரண்டொரு நாளில் தட்டு அகலத்துக்கு விரிந்தது. அவ்வளவு பாடுபட்டும் அந்த இரண்டு மீன்களும் இன்றுவரை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை, மோட்டாரைத்தான் உரசுகின்றன. ஏன் என்று அவர் தினமும் விளக்கிக்கொண்டிருக்கிறார். கிரைண்டர் கட்டிலுக்கடியிலேயே இருக்கிறது. இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் ‘ம்’ சொல்வது நான்தான்.