காற்று நுழையாத தையலறை

அந்தத் தெருவில் அவரை எல்லோரும் டேப்பக்கா என்றே அழைத்தார்கள். அளவெடுக்கும் டேப் அவர் கழுத்தில் எப்போதும் தொங்கிக்கொண்டிருக்கும். மருத்துவமனைக்குப் போனாலும் கல்யாண வீட்டுக்குப் போனாலும் அதைக் கழற்றி வைக்கும் நினைப்பு அவருக்கு வந்ததில்லை. மாப்பிள்ளைக்கு அளவெடுக்க வந்திருக்கிறீர்களா என்று ஒரு கல்யாணத்தில் பெண் வீட்டார் கேட்டே விட்டார்கள். அவர் சிரிக்கவில்லை. கோட்டின் இடது தோள் ஒரு விரல் இறங்கியிருக்கிறது, முதலிலேயே கூப்பிட்டிருக்கலாம் என்று பதில் சொன்னாராம்.

தையலை அவர் யாரிடமும் முறையாகக் கற்கவில்லை. பழைய துணிகளின் தையலைப் பிரித்து, துண்டுகளைத் தரையில் பரப்பி, மறுபடி ஒட்டவைத்துப் பார்த்தே கற்றார். ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வெட்டும் மேசைக்கு உயர்ந்தார். அங்கே ஓர் அடுக்குத் துணி முழுவதும் தவறான அளவில் வெட்டப்பட்டபோது பழி அவர் தலையில் விழுந்தது. தவறு மேலிடத்திலிருந்து வந்த, துணிமேல் வைத்து வெட்டும் காகித வார்ப்பில் இருந்தது. அதைக் காட்டியும் கேட்பாரில்லை. வேலை போயிற்று. ஆதாரம் இல்லாமல் எந்தப் பழியையும் ஏற்பதில்லை என்ற பிடிவாதம் அன்றிலிருந்து அவரோடு ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் மீது பழி சொல்லும்போதும் அதே ஆதாரத்தைத் தேட வேண்டும் என்பது மட்டும் அவருக்கு அவ்வளவாகத் தோன்றியதில்லை.

பிறகு வீட்டின் பின்கட்டில் இருந்த அறையைத் தையலறையாக்கினார். பேருந்து ஓட்டுநரான கணவர் வெட்டும் மேசையை அடித்துக் கொடுத்தார். கணவரின் தங்கை, இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டவள், தன் தையல் இயந்திரத்தோடு வந்து சேர்ந்துகொண்டாள். டேப்பக்கா வெட்டுவார், நாத்தனார் தைப்பாள். சன்னல் திரைகள், பணியாளர் சீருடைகள், நாற்காலி உறைகள் என்று வேலை வந்துகொண்டிருந்தது. ஒருவருக்குப் பேச்சு குறைவு; மற்றவளுக்கு ஊசியைவிட நாக்கு வேகம். நாத்தனார் காலையில் தெளித்துக்கொண்டு வரும் சென்ட் அவளுக்கு முன்னால் அறைக்குள் நுழையும், அவள் போன பிறகும் சற்று நேரம் உட்கார்ந்திருக்கும்.

அந்தக் குளிர்காலம் கடுமையாக வந்தது. இயந்திரமும் இஸ்திரிப் பெட்டியும் ஓடும்போது மின்சார ஹீட்டரைப் போட்டால் வீடே இருண்டுபோனது. விறைத்த விரலால் ஊசியில் நூல் கோக்க முடியவில்லை. நாத்தனாரின் கணவர் பெயின்டர். அவர் தம்மிடமிருந்த கேஸ் ஹீட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தார். பின்புறம் சிறு சிலிண்டர், முன்புறம் சிவந்து கனலும் தகடு. கட்டி முடியாத கட்டடங்களில் வேலை செய்தபோது ஒரு குளிர்காலம் முழுவதும் தம்மைக் காப்பாற்றிய ஹீட்டர் அது என்று அவர் பெருமையாகச் சொன்னார். அந்தக் கட்டடங்களுக்குச் சன்னலும் கதவும் இன்னும் பொருத்தியிருக்கவில்லை என்பதை அவரும் நினைக்கவில்லை, மற்றவர்களும் கேட்கவில்லை.

டேப்பக்கா அஜாக்கிரதையானவர் அல்லர். ஒவ்வொரு காலையும் சிலிண்டர் இணைப்பில் சோப்பு நுரையைத் தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்த பிறகே பற்றவைப்பார். துணிக்கும் ஹீட்டருக்கும் இடைவெளியை டேப்பால் அளந்து தரையில் சாக்பீஸ் கோடு போட்டார். அறையை விட்டு வெளியேறினால் வால்வை மூடுவார். கேஸ் கசிந்தால் நாற்றம் வரும், நாற்றம் இல்லையென்றால் ஆபத்தும் இல்லை என்பது அவர் கணக்கு.

ஆனால் சன்னலின் அடியில் ஓர் இடுக்கு இருந்தது. அதன் வழியே வந்த காற்றில் காகித வார்ப்புகள் மேசையில் படபடத்துப் பறந்தன. ஒரு சட்டைக் கை கோடு தப்பி வெட்டுப்பட்டது. அதைப் பொறுத்துக்கொள்ள டேப்பக்காவால் ஆகாது. துண்டுத் துணிகளைத் திணித்து நீண்ட உருளைகள் தைத்தார். சன்னலுக்கு ஒன்று, கதவின் அடிக்கு ஒன்று. மேலே இருந்த காற்றுத் துளைக்குப் பஞ்சு வைத்த மூடி ஒன்று, ஓரத்துக்கு இரட்டைத் தையலோடு. வேறு யாராவது பழைய சாக்கைத் திணித்திருப்பார்கள், நாலு பக்கமும் காற்று வந்திருக்கும். இவருடையது அச்சில் வார்த்தது போல் பொருந்தியது. இனி ஒரு கொசு உள்ளே வரவேண்டுமென்றாலும் அண்ணியிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று நாத்தனார் பாராட்டினாள்.

அதன் பிறகுதான் ஹீட்டர் மதிய வேளைகளில் தானாக அணையத் தொடங்கியது. நாத்தனார் எழுந்து மறுபடி பற்றவைப்பாள். அதற்கும் வயதாகிவிட்டது, மதியத் தூக்கம் கேட்கிறது என்றார் பெயின்டர். அதே வாரத்தில் இருவருக்கும் தலைவலி வரத் தொடங்கியது. நெற்றியை இறுக்கும் வலி, கூடவே குமட்டல், கண்ணில் ஒரு மயக்கம். விடுமுறை நாளில் வலி இல்லை. வேலைக்கு உட்கார்ந்தால் வந்துவிடும். இரண்டு பேர் மட்டும் இருக்கும் அறையில் வலிக்குக் காரணம் யாராக இருக்க முடியும்? டேப்பக்கா சென்ட்டைச் சந்தேகித்தார். நாத்தனாரோ அண்ணியின் வாயைச் சந்தேகித்தாள்: ஒரு தையலுக்குப் பத்துக் குறை சொன்னால் யாருக்குத்தான் மண்டை இடிக்காது?

சண்டை ஒரு சீருடைச் சட்டையின் பையில் தொடங்கியது. பை கோணலாக இருக்கிறது என்றார் டேப்பக்கா. நாத்தனார் அதைப் பிரித்து மறுபடி தைத்தாள். இன்னும் கோணல் என்றார். நாத்தனார் இயந்திரத்தை நிறுத்திவிட்டுத் திரும்பினாள்.

"அண்ணி, உங்களுக்கு நேரா இருக்கறது உலகத்துல ஒண்ணே ஒண்ணுதான், கழுத்துல தொங்குற டேப். அதுவும் சுத்திக்கிட்டு இருக்கு."

"நீ குளிச்சிட்டு வர்றதுக்குப் பதிலா அந்தச் சென்ட்டை ஊத்திக்கிட்டு வர்ற. நாலு வாரமா எனக்கு மண்டை பிளக்குது."

அதற்குமேல் இருவரும் பேசியவற்றில் பாதி, மனதில் நெடுநாள் மடித்து வைத்திருந்தது. கணவன் வீட்டாரை மதிக்காதவள் என்று ஒரு பக்கம். பிறந்த வீட்டு உரிமையில் வேலையைக் கெடுப்பவள் என்று மறுபக்கம். பிள்ளை இல்லாத வீட்டில் எல்லாம் இப்படித்தான் அளந்து அளந்து நடக்கும் என்று நாத்தனார் ஒரு சொல் சொன்னாள். அன்று மாலையே பெயின்டரின் வண்டியில் இயந்திரமும் ஹீட்டரும் ஏறின. துணி உருளைகள் இரண்டையும் பஞ்சு மூடியையும் டேப்பக்காவே எடுத்து வந்து வண்டியில் போட்டார்.

"இதையும் கொண்டுபோ. உன் சன்னலும் இதே அகலம்தான். குளிர்ல கெடந்து சாகாத."

மறுநாள் முதல் அவர் கம்பளிக் கோட்டும், விரல் நுனி வெட்டிய கையுறையும் போட்டுக்கொண்டு வேலை செய்தார். தலைவலி போயே போயிற்று. சென்ட்தான் காரணம் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்? சாப்பிட உட்காரும் போதெல்லாம் கணவருக்கு இதைச் சொன்னார். தங்கையையும் மனைவியையும் விட்டுக்கொடுக்க முடியாத அவர், தட்டைப் பார்த்தபடியே உம் கொட்டினார்.

சில நாள் கழித்து, மறந்துவிட்டுப் போன கத்தரிக்கோலை வாங்கப் பெயின்டர் வந்தார். வீட்டுக்காரிக்குத் தலைவலி இன்னும் தீரவில்லை, இப்போது வாந்தியும் வருகிறது, ஆகவே அக்காவின் வாய்மீது எந்தக் குற்றமும் இல்லை என்று சிரித்துக்கொண்டே தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். சென்ட் புட்டி அவளோடுதானே போயிருக்கிறது என்று டேப்பக்கா நினைத்துக்கொண்டார். அது அவருக்கு இனிமையாகக்கூட இருந்தது.

குளிர் விடுகிறதாக இல்லை. தமக்கென்று ஒரு ஹீட்டர் வாங்க அவர் கேஸ் கடைக்குப் போனார். கடைக்காரர் பொருளை எடுத்துக் காட்டவில்லை. அறையைப் பற்றி விசாரிக்கத் தொடங்கினார். எவ்வளவு பெரிய அறை, சன்னல் திறக்குமா, மேலே காற்றுத் துளை உண்டா? டேப்பக்கா தாம் செய்த அடைப்பைப் பெருமையாக விவரித்தார். கடைக்காரர் கையிலிருந்த ரசீதுக் கட்டைக் கீழே வைத்தார்.

எரிவதற்கும் காற்று வேண்டும், மனிதருக்கும் காற்று வேண்டும், அடைத்த அறையில் இரண்டும் ஒரே காற்றுக்குப் போட்டி போடும் என்றார். காற்று குறைந்தால் நெருப்பு சரியாக எரியாமல் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டாகும். அதற்கு நிறமும் கிடையாது, நாற்றமும் கிடையாது. சோப்பு நுரை கசிவைத்தான் காட்டும், இதைக் காட்டாது. வீட்டுக்குள் பயன்படுத்தலாம் என்று எழுதியிருக்கும் ஹீட்டரைத்தான் வைக்க வேண்டும், சன்னல் கொஞ்சம் திறந்தே இருக்க வேண்டும், சுவரில் அலாரம் வேண்டும், ஹீட்டரை எரியவிட்டுத் தூங்கவே கூடாது. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்தப் பழைய ஹீட்டர் எப்போதாவது தானாக அணைந்ததா என்று கேட்டார்.

"மதியமானா அணைஞ்சிடும். மறுபடி பத்தவைப்போம்."

"அது பழுதாகி அணையலைங்க, அறையில காத்து குறைஞ்சதால அணைஞ்சிருக்கு. வெளியே போங்கன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கு. இப்ப அது யார்கிட்ட இருக்கு?"

டேப்பக்கா கடையில் நின்றபடியே நாத்தனாரை அழைத்தார். எடுக்கவில்லை. சண்டைக்குப் பிறகு அவர் அழைத்தால் அவள் எடுப்பதும் இல்லை. கணவர் வண்டி ஓட்டிக்கொண்டிருப்பார். பெயின்டர் எங்கோ சாரத்தின்மேல் நின்றிருப்பார்; மணி அடித்து ஓய்ந்தது. மாலையில் கணவர் மூலம் சொல்லி அனுப்பலாமே என்று ஓர் எண்ணம் எழுந்தது. நேரில் போனால் சென்ட் காரணமில்லை என்று தம் வாயாலேயே சொல்ல வேண்டும், பிள்ளை இல்லை என்று சொன்னவளின் வாசலில் போய் நிற்க வேண்டும். அந்த எண்ணம் தெருமுனைவரை அவரோடு வந்தது. பிறகு அந்த உருளைகளைத் தைத்த தம் கையை அவருக்கு நன்றாகத் தெரியும் என்பதால், நடையை ஓட்டமாக்கினார்.

நாத்தனார் வீட்டு முன்கதவு தாழிடாமல் இருந்தது. உள்ளறைக் கதவைத் தள்ளியபோது அடியில் இருந்த உருளை தடுத்தது. தோளால் இடித்துத் திறந்தார். ஹீட்டர் கனன்றுகொண்டிருந்தது. நாத்தனார் இயந்திரத்தின்மேல் தலை சாய்த்துக் கிடந்தாள். உலுக்கியதும் கண்ணைத் திறந்தாள்.

"என்ன அண்ணி... இங்கயும் அளவெடுக்க வந்துட்டீங்களா?" நாக்கு குழறியது.

"எழுந்திரு. பேசாத. வெளியே வா."

"பை நேராத்தான் இருக்கு..."

"இருக்கட்டும். வா."

அவளுக்குக் கால் நிற்கவில்லை. அக்குளில் கைகொடுத்து, பாதி தூக்கியும் பாதி இழுத்தும் வாசலுக்குக் கொண்டுவந்து படியில் உட்காரவைத்தார். மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே ஓடி வால்வை மூடினார், சன்னலைத் திறந்தார், உருளையைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். எதிர்வீட்டுக்காரர் ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். வண்டி வரும்வரை டேப்பக்கா நாத்தனாரின் கன்னத்தைத் தட்டிக்கொண்டே இருந்தார், தூங்கவிடவில்லை. தம் கம்பளிக் கோட்டைக் கழற்றி அவளுக்குப் போர்த்தியது அவருக்கே பிறகுதான் நினைவு வந்தது.

மருத்துவமனையில் முகமூடி வைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார்கள். ஓரிரு மணி நேரம் தாமதித்திருந்தால் பேச்சு வேறு மாதிரி இருந்திருக்கும் என்று மருத்துவர் பெயின்டரிடம் சொன்னார். ஹீட்டர் கொடுத்தது தாமல்லவா என்று பெயின்டர் சொல்ல, அடைத்தது தாம் என்று டேப்பக்கா சொன்னார். இந்த ஒரு பழியை ஏற்க அவர் யாரிடமும் ஆதாரம் கேட்கவில்லை.

மறுநாள் முகமூடியை எடுத்ததும் நாத்தனார் முதலில் கேட்டது சென்ட்டைப் பற்றித்தான்.

"சென்ட் நாத்தம்தான்," என்றார் டேப்பக்கா. "ஆனா தலைவலி அதனால இல்ல."

நாத்தனார் சிரித்தாள், இருமினாள்.

"தலைவலி ஹீட்டரால வந்ததுன்னே வெச்சுக்கலாம், அண்ணி. அன்னிக்குப் பேசினது ஹீட்டர் இல்லையே."

"இல்ல," என்றார் டேப்பக்கா.

"நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை..."

"தெரியும். தூங்கு."

அதை அவள் முழுதாகச் சொல்லி முடிக்கவில்லை. அவரும் சொல்ல விடவில்லை. மன்னிப்பு என்று ஒன்று நடந்ததா என்று கேட்டால் இருவருமே வேறு பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

தங்கை குணமாகி வீடு திரும்பியதும் அவளை மறுபடி பின்கட்டு அறைக்கே அழைத்துக்கொள்ளலாம் என்று ஓட்டுநர் ஆசைப்பட்டார். எல்லாம் தெளிந்துவிட்டதே, இனி என்ன தடை என்றார். டேப்பக்கா வெட்டிக்கொண்டிருந்த துணியிலிருந்து நிமிரவில்லை.

"வேண்டாம். அவளுக்கு அங்க வெளிச்சம் நல்லா விழுது."

அந்த வாரமே வெட்டிய திரைத் துணிகளை மூட்டையாகக் கட்டி, தாமே சுமந்துகொண்டு போனார். நாத்தனாரின் அறையில் சன்னல் ஒரு கை அகலம் திறந்திருந்தது. குளிர் உள்ளே வந்துகொண்டிருந்தது. புதிதாக வாங்கிய அலாரம் சுவரில் சிறு பச்சை வெளிச்சத்தோடு இருந்தது. மூட்டையை இறக்கிவிட்டுக் கிளம்பத் திரும்பியவரிடம், மேசையில் இன்னோர் ஆள் நின்று வெட்ட இடமிருக்கிறது என்று நாத்தனார் பொதுவாகச் சொன்னாள். இன்று நேரமில்லை என்றார் டேப்பக்கா. அப்படிச் சொல்லிவிட்டு, மேசையின் நீளத்தை ஒருமுறை கண்ணாலேயே அளந்தார்.