லாச்சி இல்லாத மேசை

“படிச்ச புள்ளதான். அதுக்காக அம்மாவக் கட்டில்ல திருப்பிப் போடத் தெரியுமா?” என்று அம்மாவை வீட்டுக்கு அனுப்பிய நாளில் ஆஸ்பத்திரி வாசலிலேயே மாமா கேட்டார்.

தெரியும். வார்டில் தாதி சொல்லித் தந்திருந்தார். தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்ப வேண்டும், முதுகு முறுகக் கூடாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தவள் நான் ஒருத்திதான். சில வாரங்களுக்கு முன் கொட்டாஞ்சேனைச் சந்தையில் அம்மாவின் செருப்பு கழன்றது. அதுகூடத் தெரியாமல் அவர் வெறுங்காலோடு நடந்துகொண்டிருந்தார். அவருக்கு ஏற்கெனவே மார்பில் புற்றுநோய். கால் மரத்துப்போனால் உடனே வரச்சொல்லி கிளினிக்கில் தந்த தாளை வீட்டில் வாசித்தவளும் நான்தான். வாங்க நின்ற மீனை விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தேன். புற்று முள்ளந்தண்டுக்குப் பரவி, உள்ளே ஓடும் முண்ணாண் என்ற நரம்புத் தண்டை நெருக்கியிருந்தது. நேரத்தோடு வந்ததால்தான் கால்களில் இவ்வளவாவது மிஞ்சியது என்றார் டாக்டர்.

கதிர்ச் சிகிச்சை முடிந்து, முதுகுக்குப் பட்டியோடும் சக்கர நாற்காலியோடும் அம்மா வீட்டுக்கு வந்தார். படுக்கை விரிப்பின் ஒரு பக்கத்தை நானும் மறுபக்கத்தை மாமாவும் பிடித்துத் திருப்புவோம்.

“மெதுவாடா, நான் என்ன மா மூட்டையா?” என்பார் அம்மா.

இப்போது பார்க்க வருகிறவர்களுக்கெல்லாம் மாமாதான் வகுப்பெடுக்கிறார்.

நோய் முழுதாகப் போகாது, அடக்கி வைக்கலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். அம்மாவின் கவலை வேறு. இத்தனை வருடம் அவர் கிழங்கு வைத்து உருட்டிப் பொரிக்கும் ரோல்ஸ் செய்து கொடுத்த தேநீர்க் கடைக்கு இப்போது வேறொருத்தி கொடுக்கிறாள்.

“உள்ள கிழங்கே இல்லையாம், மகள். நான் இப்பிடியே கிடந்தா கடை கைவிட்டுப் போயிரும்.”

உட்கார்ந்து உருட்டலாம், சூட்டுக்குக் கிட்டப் போகக் கூடாது, சுட்டாலும் காலுக்குத் தெரியாது என்றார் டாக்டர். எண்ணெய்ச் சட்டி என் பொறுப்பு. ஆனால் குசினியில் சமைக்கும் திண்டுக்குக் கீழே நாற்காலியில் இருந்த அம்மாவின் முழங்கால் நுழையவில்லை. வீட்டிலிருந்த ஒரே மேசை என் படிப்பு மேசை. அதிலும் லாச்சி, அதுதான் இழுப்பறை, முழங்காலில் இடித்தது.

“அதுல மட்டும் கை வைக்காத. நீ படிச்ச மேசை.”

“படிச்சு முடிச்சிட்டேனே அம்மா.”

“யாரு சொன்னா?”

நேற்று மாமா அம்மாவைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போன நேரம், தச்சு வேலை செய்யும் பாஸை வரவழைத்து லாச்சியைக் கழற்றினேன். உள்ளே கிடந்த சான்றிதழ்கள் அம்மாவின் சேலைகளுக்கு நடுவே போயின. திரும்பி வந்த அம்மா லாச்சி இருந்த இடத்தைக் கையால் தடவினார். நாற்காலியை உள்ளே தள்ளிப் பார்த்தார். முழங்கால் இடிக்கவில்லை.

“கிழங்கு இருக்கா?” என்றார்.

இன்று வாங்கிவந்த கிழங்கு வேகிறது. நாளைக் காலை ரோல்ஸ் வரும் என்று தேநீர்க் கடைக்காரரிடம் சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.