உரித்த பிறகு மிஞ்சும் சொற்கள்

வாய்மொழித் தேர்வு நாள் காலை, அப்பாவின் கார் மோர்னிங்சைட் வீதியைத் தாண்டும் முன்பே என் குறிப்புகளை மூன்று முறை புரட்டிவிட்டேன். தேறினால்தான் பாய் என்ற மொழியைப் பற்றிய முனைவர் பட்ட ஆய்வைத் தொடரலாம். தவறினால் பல்கலைக்கழகத்தை விட்டுப் போக வேண்டியதுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். வங்கி, வைத்தியர், வரி என்று எது வந்தாலும் எல்லோரும் என் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அதில் எனக்குப் பெருமை.

"உந்தப் பாய்ச் சனம் சீனாவிலைதானே இருக்கினம்? அப்ப அது சீனம்தான். உதுக்கே இவ்வளவு காலம் படிச்சனீ?" என்றார் அப்பா.

"நீங்கள் ஷிஃப்ட், பார்க்கிங், மோர்கேஜ் எண்டு கதைக்கிறியள். அது இங்கிலிஷே?"

"விசரே உனக்கு? தமிழ்தான்."

"ஒண்டு, ரெண்டு, மூண்டையும் இங்கிலிஷிலை சொன்னால்?"

அப்பா சிவப்பு விளக்கைப் பார்த்தபடி யோசித்தார். "அப்பவும் தமிழ்தான்... இல்லையே?"

சிக்கலே அதுதான். சீனாவின் யுன்னான் மாகாணத்தில் பேசப்படும் பாய் மொழியில் எண்கள்கூடச் சீனத்தை ஒத்திருக்கின்றன. அது திபெத்திய-பர்மியக் குடும்பத்து மொழி என்பார் சிலர்; சீனத்தின் நெருங்கிய உறவு என்பார் வேறு சிலர். பல காலங்களில் சீனத்திலிருந்து வந்த சொற்களை அடுக்கடுக்காக உரித்து, அடியில் மிஞ்சுபவற்றைத் திபெத்திய-பர்மியச் சொற்களோடு ஒப்பிடுவது என் வேலை. பாய் திபெத்திய-பர்மியமே என்று தேர்வுக்கான அறிக்கையில் எழுதிக் கொடுத்திருந்தேன். கொடுத்த பிறகுதான், நான் நம்பியிருந்த சொற்களில் பல மிகப் பழைய சீனக் கடனாகவும் இருக்கலாம் என்று தெரிந்தது. அன்றிலிருந்து அதற்கு ஒரு பதிலை மனப்பாடம் செய்து வந்தேன்.

காரிலிருந்து இறங்கும்போது அப்பா சொன்னார்: "தெரியாது எண்டு மட்டும் சொல்லிப்போடாதை."

தேர்வாளர்களில் மூத்த பேராசிரியை நேராக அதற்கே வந்தார். இன்னும் ஓர் அடுக்கை உரித்தால் உன் முடிவு நிற்குமா என்று கேட்டார். மனப்பாடம் செய்த பதில் நாக்கில் இருந்தது. அதை விட்டுவிட்டு எழுந்து பலகையருகே போனேன்.

"தெரியவில்லை" என்றேன். பிறகு சந்தேகமான சொற்களை ஒவ்வொன்றாகப் பலகையில் எழுதினேன். என் முடிவை என் கையாலேயே பிரித்துப் போடுவது போலிருந்தது.

வெளியே நிற்கச் சொன்னார்கள். உள்ளே யாரோ சிரித்தார்கள். என்னைத்தானோ? அம்மாவின் அழைப்பு வந்து வந்து நின்றது. எடுக்கவில்லை. எடுத்தால் அழுதுவிடுவேன்.

கதவு திறந்தது. தேறிவிட்டாய் என்றார்கள். ஆனால் முடிவுரையை நீக்க வேண்டும். பலகையில் எழுதிய சொற்களிலிருந்துதான் ஆய்வு தொடங்க வேண்டும்.

"வருடக்கணக்கில் ஆகும்" என்றார் பேராசிரியை. "கடைசியில் ஒன்றும் மிஞ்சாமலும் போகலாம். சம்மதமா?"

சம்மதம் என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் குனிந்து, சம்மதமா என்று மறுபடி கேட்டார்.