எந்த இடத்துக் கான்சர்?

மனோரஞ்சிதம் ஒருவரையாவது ஒரே சொல்லில் நம்பியதாக மில்லிக்கனில் யாரும் சாட்சி சொல்லமாட்டார்கள். பால் பெட்டியில் திகதி அச்சடித்திருந்தாலும் மூடியைத் திறந்து மணந்து பார்ப்பாள். ‘வந்துகொண்டிருக்கிறன்’ என்று கணவர் சிவரூபன் ரெலிபோனில் சொன்னால், பின்னால் கார்ச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டுவாள். வேலையும் வாய்த்தது அப்படித்தான். ஸ்டீல்ஸ் வீதிக்குப் பக்கத்தில் மருந்துக் குளிசை அடைக்கும் தொழிற்சாலை. பெல்ட்டில் ஓடிவரும் போத்தல்களில் பிழையானதைப் பிடித்து அப்பால் வைக்கவேண்டும். பத்தொன்பது வருடமாகச் செய்கிறாள். மூடி ஒரு நூல் சரிந்திருந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. சந்தேகப்படுகிறதுக்குச் சம்பளம் குடுக்கிற நாடு இது ஒன்றுதான் என்று சிவரூபன் சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் அவளுடைய ஆகப்பெரிய சந்தேகம் அவள் உடம்பின்மேல்தான். அப்பா நாற்பத்தெட்டு வயதில் கான்சரில் போனவர். அப்பாவின் தங்கச்சி, மாமிக்கும் கான்சர். அடுத்த முறை தன்னுடையது என்று அவள் முடிவே கட்டியிருந்தாள். மார்பு, கருப்பை, குடல் எல்லாம் சோதித்தாயிற்று. ஒன்றுமில்லை என்று ரிசல்ட் வந்தால் மனிசருக்கு நிம்மதி வரவேண்டுமே! அவளுக்கு வராது. “வடிவாப் பாத்தவங்களோ தெரியாது” என்பாள்.

“உனக்குக் கான்சர் இல்லையெண்டதுதான் கவலையோ?” என்று சிவரூபன் கேட்டார். அன்று அவருக்கு இரவுச் சாப்பாடு கொஞ்சம் சுணங்கித்தான் வந்தது.

கடைசியில் குடும்ப டொக்டருக்கே அலுத்துவிட்டது. பரம்பரை வருத்தங்களைப் பார்க்கும் கிளினிக் ஒன்றுக்குக் கடிதம் கொடுத்தார். அங்கிருந்து ஒரு படிவம் வந்தது. குடும்பத்தில் யாருக்குக் கான்சர், எந்த வயதில், எந்த இடத்தில்?

எந்த இடத்தில்? இத்தனை வருடம் பயந்தவள் அதை மட்டும் கேட்காமல் விட்டிருக்கிறாள். அப்பா போனபோது அவளுக்கு எட்டு வயது. அதற்கு முந்திய இரண்டு வருடமும் பெரியம்மா வீட்டில் விட்டிருந்தார்கள். அப்பாவைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததெல்லாம் அண்ணன் இரத்தினவேல் சொன்னதுதான். அவருக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. வெக்ஸ்போர்ட்டில் ஒரு அப்பார்ட்மென்ட்டில் தனிக்கட்டையாக இருக்கிறார்.

“அண்ணை, அப்பாவுக்கு எந்த இடத்திலை கான்சர்?”

“வயித்திலை” என்றார்.

அடுத்த கிழமை, அப்பாவைக் காட்டிய ஆஸ்பத்திரியின் பெயரைக் கிளினிக் கேட்டது. அண்ணைக்குத் திரும்பப் போன் எடுத்தாள். “பேர் ஞாபகமில்லை பிள்ளை. ஈரல் பழுதெண்டு டொக்டர் சொன்னவர்” என்றார்.

மனோரஞ்சிதம் போனை வைத்தாள். இரண்டு நாள் பொறுத்துத் தானே ஒரு கொக்கி போட்டாள். “ஏன் அண்ணை, அப்பாவுக்குத் தொண்டையிலைதானே வந்தது?”

“ஓமோம், தொண்டைதான். சாப்பாடு இறங்காது, பாவம்.”

ஒரு மனிசனுக்கு மூன்று இடத்தில் கான்சர்! பெல்ட்டில் வந்த போத்தல் சரிந்துவிட்டது. அண்ணைக்கே கான்சர் வந்திருக்கிறது, தன்னிடம் மறைக்கிறார் என்றுதான் அவள் முதலில் நினைத்தாள். போன டிசம்பரில் நத்தாருக்கு வந்தபோது கையிலிருந்த கோப்பையை விழுத்தினார். சேட்டு தொளதொளத்தது. பேசும்போது இடது தோள் சும்மா சும்மா எழும்பியது.

கிளினிக்கில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று கேட்டார்கள். “நோ, நோ” என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாக மறுத்தாள். வருகிறவள் ஆருடைய மச்சாளோ! இங்கே சொன்ன கதை வெள்ளிக்கிழமை கோயிலில் அவல் கடலையோடு சேர்த்துப் பரிமாறப்படும். தன் தொழிற்சாலை ஆங்கிலமே போதும் என்று உட்கார்ந்தாள்.

எதிரிலிருந்த கவுன்சிலர் பெண் தாளில் வட்டமும் சதுரமும் போட்டுக் குடும்பத்தை வரைந்தாள். அப்பா எப்படி நடந்தார், கோபக்காரரா, கைகால் எப்படி இருந்தது என்று ஏதேதோ கேட்டாள். கான்சருக்கும் நடைக்கும் என்ன கதை? ஆனாலும் மனோரஞ்சிதத்துக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பாவின் விரல்கள் மடியில் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கும். தனக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று அவள் சிரிப்பாள். கூடவே அண்ணையின் தோளையும் கோப்பையையும் சொன்னாள்.

கவுன்சிலர் பேனையைக் கீழே வைத்தாள். இது கான்சர்க் குடும்பம் மாதிரித் தெரியவில்லை என்றாள். அண்ணனைக் கூட்டிவர முடியுமா என்று கேட்டாள். பேனை வைத்த விதம் மனோரஞ்சிதத்துக்குப் பிடிக்கவேயில்லை.

சனிக்கிழமை மத்தியானமே வெக்ஸ்போர்ட்டுக்குப் போனாள்.

“எனக்கு மூண்டு கான்சர் சொன்னனீங்கள். எது உண்மை?”

தேத்தண்ணி போடுகிற சாட்டில் இரத்தினவேல் எழும்பினார். கால் ஒரு பக்கம் இழுத்தது. மேசையைப் பிடித்துக்கொண்டு திரும்ப இருந்தார்.

“ஒண்டும் இல்லை. அப்பாவுக்குக் கான்சரே வரேல்லை, பிள்ளை.”

அவள் கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் இருந்தாள்.

“கையும் காலும் தன்ரபாட்டிலை ஆடும். வெறியிலை தள்ளாடுறார் எண்டு ஊர் சிரிச்சுது. மனிசன் ஒரு சொட்டுத் தொட்டதில்லை. பிறகு புத்தியும் மாறிச்சு. மாமிக்கும் அதுதான். விசர்க் குடும்பம் எண்டு பேர் வந்திட்டுது. நாங்கள் இடம்பெயர்ந்து கொழும்புக்கு வந்தாப் பிறகுதானே உன்ரை சம்பந்தம் வந்தது? அவை மட்டக்களப்பு ஆக்கள், எங்கடை ஊரிலை விசாரிக்க ஒருத்தருமில்லை. அப்பா என்னத்திலை மோசம் போனவர் எண்டு கேட்டினம். கான்சர் எண்டன். கான்சர் ஆருக்கும் வருந்தானே? அதுக்கு மேலை ஒருத்தரும் துருவேல்லை.”

“நானும் துருவேல்லையே!” என்று கத்தினாள். “என்ரை பிள்ளை பிறக்க முந்திச் சொல்லியிருக்கலாமே! உங்களுக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுகொண்டு நீங்கள் மட்டும் கட்டாமல் ...”

அண்ணை ஏன் கலியாணம் கட்டவில்லை என்று அவள் துருவாத துருவலில்லை. மொன்றியலில் யாரோ ஒருத்தி இருக்கிறாள் என்று இருபது வருடமாகச் சந்தேகப்பட்டு, சிவரூபனிடம் சத்தியமே பண்ணியிருந்தாள்.

“உனக்காகப் பொய் சொல்லிப்போட்டன்” என்றார் இரத்தினவேல். “எனக்குக் கேட்டுவந்த பெட்டையளின்ரை முகத்தைப் பாத்து அந்தப் பொய்யைச் சொல்ல என்னாலை ஏலேல்லை.”

மனோரஞ்சிதம் தானே எழும்பித் தேத்தண்ணி போட்டாள். அவருக்குக் கோப்பையில் பாதிதான் ஊற்றினாள்.

கிளினிக்கில் சோதித்த அண்ணையின் இரத்தம் பேசியது. ஹன்டிங்டன் என்று அந்த வருத்தத்துக்குப் பெயர். பெற்றவருக்கு இருந்தால் பிள்ளைக்கு வருவதும் வராததும் பாதிக்குப் பாதி என்றார் டொக்டர். மனோரஞ்சிதத்துக்கு இல்லையென்றால் மகளுக்கும் இல்லை. மனோரஞ்சிதம் விரும்பினால் தன் இரத்தத்தைச் சோதித்துப் பார்க்கலாம். பிறகு இன்னொன்றும் சொன்னார். பல நாட்டு நோயாளர் பதிவுகளை ஆராய்ந்தபோது, இந்த வருத்தம் உள்ளவர்களுக்குப் புற்றுநோய் மற்றவர்களைவிடக் குறைவாக வந்திருக்கிறதாம். மூளைக் கலங்களைக் கொல்லும் அதே மரபணுப் பிழை, புற்றுநோய்க் கலங்களையும் தலையெடுக்க விடுவதில்லையோ என்று ஆராய்ச்சியாளருக்கு ஒரு சந்தேகம். நிச்சயமாகத் தெரியாது. வரவே வராது என்றும் இல்லை, வழமையான சோதனைகளை விடவேண்டாம்.

“எனக்கு ஒரு கட்டி வந்தால், அந்த வருத்தம் இல்லையெண்டு அர்த்தமோ?” என்று கேட்டாள்.

டொக்டர் அவளை இரக்கத்தோடு பார்த்தார். தனி ஒருவருக்கு அப்படிக் கணக்குப் பார்க்க முடியாது என்றார். அவள் அதையும் நம்பவில்லை. அடுத்தநாள் காலை குளியலறையில் கண்ணாடிக்கு முன்னால் நின்று மார்பைத் தடவிப் பார்த்தாள். முப்பது வருடம் எது இருக்கக்கூடாது என்று தேடினாளோ, அதை அன்று இருக்கட்டும் என்று தேடினாள். ஒன்றுமே அகப்படவில்லை. குளிக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள்.

இரத்தம் கொடுக்க அவள் இன்னும் போகவில்லை. இதற்குள் ஞாயிற்றுக்கிழமை பிரசாந்தின் தாய் யூனியன்வில்லிலிருந்து போன் எடுத்தார். மனோரஞ்சிதத்தின் ஒரே மகள் தேனுகாவும் பிரசாந்தும் தாங்களாகவே விரும்பியவர்கள்தான். அடுத்த மாதம் மோதிரம் மாற்றுவதாக இருந்தது. மண்டபத்திலிருந்து கேக், பூ வரைக்கும் கதைத்துவிட்டு, அந்த மனிசி சும்மா கேட்பதுபோலக் கேட்டார். “உங்கடை அப்பா சின்ன வயதிலை மோசம் போயிட்டாராமே, என்னத்திலை?”

“பிறகு எடுக்கிறன்” என்று வைத்துவிட்டாள்.

அண்ணைக்குப் போன் அடித்தாள். “கான்சர் எண்டு சொல்லு. அந்தச் சொல்லோடை நிப்பாட்டுவினம்” என்றார். பக்கத்திலிருந்த சிவரூபனைப் பார்த்தாள். “என்னட்டை அந்தப் பொய்யைச் சொன்னது காணும்” என்று மட்டும் சொன்னார். அவருக்குக் கோபமா, துக்கமா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

தேனுகா வேலைசெய்யும் பிளாசாவின் பார்க்கிங்கில், காருக்குள் வைத்துத்தான் மனோரஞ்சிதம் மகளிடம் சொன்னாள். ஆடிய விரல்கள், மூன்று கான்சர், பாதிக்குப் பாதி எல்லாவற்றையும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். சொல்லும்போது பிள்ளையின் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல் ஸ்டியரிங்கையே பார்த்தாள்.

“வெயிற். சோ, உங்களுக்கு இருக்கா அம்மா?”

“தெரியாது. நான் இன்னும் செக் பண்ணேல்லை.”

“பிரசாந்துக்கு நான் சொல்லுறன். அவன்ரை அம்மாக்கும் நான்தான் சொல்லுவன். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம், ஓகே?”

தேனுகா கையை நீட்டித் தாயின் வலது கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பிடித்துக்கொண்டாள். மனோரஞ்சிதத்துக்கு நெஞ்சு நிறைந்தது. நிறைந்த கையோடு அந்தப் பாழாய்ப்போன சந்தேகமும் வந்தது. பிள்ளை ஆறுதலுக்குப் பிடிக்கிறாளா, ஆடுகிறதா என்று பார்க்கிறாளா?

கேட்கவில்லை. அவளுடைய கண்ணும் தேனுகாவின் விரல்களில்தான் இருந்தது.

“வடிவாப் பார், பிள்ளை” என்றாள். கையை இழுக்காமல் அப்படியே விட்டிருந்தாள்.