சுட்ட தார் ரோடு

எங்கள் குற்றாலம் ஸ்டாண்டில் செருப்புப் போட்டுக்கொண்டு வேன் ஓட்டுகிறவர்கள் குறைவு. சிலருக்கு வண்டி சாமி மாதிரி. எனக்கு அப்படியெல்லாம் இல்லை, பிரேக்கின் பதம் வெறுங்காலுக்குத்தான் பிடிபடும். கதவைத் திறந்தால் கால் தானாகச் செருப்பை உதறிவிடும். ஏறி உட்கார்ந்து, குனிந்து அதை எடுத்து உள்ளே போட வேண்டும். அவசரத்தில் அதை மறந்துவிட்டுச் சவாரி போகிறவர்கள் நிறைய. ஸ்டாண்டில் யாருடையது என்று தெரியாத ஒரு ஜோடி எப்போதும் கிடக்கும்.

இருமல் சாரல் சமயத்தில்தான் ஆரம்பித்தது. ஈரக்காற்று என்று விட்டுவிட்டேன். திருநெல்வேலியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் புற்று என்றார்கள். பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, சிகரெட் குடிப்பேனா என்றுதான். பீடியைக்கூடத் தொடாதவனுக்கு எப்படி இருக்கும்? ஒருத்தரிடம், "ஆமா, தெனமும் லாரிக்குப் பின்னால போயி இழுக்கேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் அதன்பிறகு வரவில்லை.

கீமோவுக்குப் போகும்போதெல்லாம் ஸ்டாண்டு நண்பன்தான் என் வேனை ஓட்டினான். என் வண்டியில் நான் இடது பக்கம் உட்கார்ந்திருந்தேன். வளைவு வந்தால் என் வலது கால் தரையை மிதிக்கும்.

"ஏலே, அங்கன பிரேக் இல்ல. சும்மா இரி" என்பான்.

முடி கொட்டியது, நாக்கு செத்துப்போனது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டேன். ஒருநாள் ஆஸ்பத்திரி வாசலில் நர்ஸ், "செருப்பு எங்க?" என்று கேட்டார். பழக்கதோஷத்தில் அதை ஸ்டாண்டிலேயே உதறிவிட்டு ஏறியிருக்கிறேன். வண்டி நிறுத்துமிடத்திலிருந்து ஜல்லிக்கல் மேல்தான் நடந்து வந்திருக்கிறேன். குனிந்து பார்த்தபோது பெருவிரலில் ரத்தம். எனக்கு ஒன்றுமே தெரிந்திருக்கவில்லை.

கீமோ முடிந்து எடுத்த ஸ்கேனைப் பார்த்து டாக்டர் சிரித்தார். கட்டி நன்றாகச் சுருங்கிவிட்டது, இனி அவ்வப்போது வந்து காட்டினால் போதும் என்றார். என் மனைவி அங்கேயே அழுதுவிட்டாள். நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: வண்டி ஓட்டலாமா?

மருந்து கால் நரம்பைத் தொட்டிருக்கிறது, பலருக்கு உணர்ச்சி மெல்லத் திரும்பும், சிலருக்குத் திரும்பாமலும் போகும் என்றார். அதுவரை ஸ்டியரிங் பக்கமே போகக்கூடாது, வெறுங்காலோடு நடக்கவும் கூடாது. உயிரைக் கொடுத்துவிட்டுக் காலை வாங்கிக்கொண்டார்களே என்று கோபம் வந்தது. ஆனால் செங்கோட்டை தாண்டி மலைப்பாதையில், வேன் நிறையப் பிள்ளைகுட்டிகளோடு, பிரேக் எங்கே இருக்கிறது என்று தெரியாத காலை வைத்துக்கொண்டு என்ன செய்வேன்? பயமாகத்தான் இருந்தது. எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

வீட்டில் என் மனைவி ஒரு வைத்தியம் கண்டுபிடித்தாள். விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவிக்கொண்டு என் கால்மாட்டில் உட்காருவாள்.

"கண்ண மூடுங்க. தெரியுதா?"

"இல்ல."

தினமும் இதே கேள்வி, இதே பதில். ஒருநாள் அவள் முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல், "தெரியுது, லேசாத் தெரியுது" என்றேன்.

கண்ணைத் திறந்தேன். குச்சி அவள் மடியில் கிடந்தது.

"நான் இன்னும் தொடவே இல்ல" என்றாள்.

அதன்பிறகு அவள் குச்சியை எடுக்கவில்லை, நானும் காலைப் பற்றிப் பேசவில்லை. சீசன் வந்தது. நண்பர்கள் அருவிக்கும் தென்காசிக்குமாகப் பறந்துகொண்டிருந்தார்கள், நான் ஸ்டாண்டில் உட்கார்ந்து வழி கேட்கிறவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தேன்.

அடுத்த பரிசோதனைக்கும் நண்பனே ஓட்டினான். குற்றாலத்தில் சாரல். ஆலங்குளம் நெருங்கும்போது வெயில் மண்டையைப் பிளந்தது. டீ குடிக்கலாம் என்று ஓரங்கட்டினான். பாலிடெக்னிக் பையன்கள் யாரோ கடையில் சத்தம் போட்டுச் சிரித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டே இறங்கினேன். இறங்கியவன் அப்படியே துள்ளி, ஒற்றைக்காலில் நின்று, கதவைப் பிடித்துக்கொண்டேன்.

நான் விழப்போகிறேன் என்று நினைத்து அவன் சுற்றிக்கொண்டு ஓடிவந்தான்.

"என்னலே, என்ன செய்யுது?"

"சுடுதுலே! காலு சுடுது!"

அவன் என் காலைப் பார்த்தான். "செருப்பு எங்கலே?"

வேறெங்கே, ஸ்டாண்டில்தான். அவனுக்கு இன்னும் விளங்கவில்லை. நான் மறுபடியும் காலைத் தாரில் வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். டீக்கடைக்காரர் என்னைப் பைத்தியம் என்றே முடிவுகட்டியிருப்பார். அப்புறம்தான் நண்பனுக்கு உறைத்தது. "போதும்லே, கொப்புளம் போட்டுரும், ஏறு" என்று என்னை வண்டிக்குள் தள்ளினான். அவன் கண் கலங்கியிருந்தது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

மனைவிக்குப் போன் போட்டேன்.

"ஏட்டி, ரோடு சுடுது."

"வெயில்னா சுடத்தான செய்யும்? செருப்பு போடாமலா எறங்குனிய?" என்று கத்தத் தொடங்கியவள் சட்டென்று நிறுத்தினாள்.

"பொய் சொல்லலியே?"

"இல்லட்டி."

"இன்னொருக்கா வச்சுப் பாருங்க."

நண்பன் தடுப்பதற்குள் கதவைத் திறந்து காலை இறக்கினேன். "அய்யோ" என்று நான் அலறியது கேட்டுத்தான் அவள் நம்பினாள்.