ஒன்பதாம் வகுப்பில் யாரையும் நிறுத்தாத அக்கா

அக்கா நம்மை விட்டுப் போய் ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வெறுமனே புகழ்ந்து எழுதினால் அக்காவுக்குப் பிடிக்காது. வழிமுறை எழுதாமல் விடை மட்டும் எழுதிய பிள்ளைக்கு அவர் முழு மதிப்பெண் போட்டதே இல்லை. ஆகவே நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கருங்குழியில். அப்பாவின் வேலை மாற்றலால் சிறு வயதிலேயே செங்கல்பட்டுக்கு வந்துவிட்டோம். அக்கா பி.எட். படிக்கும்போது அப்பா திடீரென்று காலமானார். அம்மாவையும் தங்கைகள் எங்கள் இருவரையும் அக்காதான் சுமந்தார். எங்களுக்குக் கல்யாணம் செய்துவைத்து நிமிர்ந்தபோது அவருக்கு அந்த வயது தாண்டிப் போயிருந்தது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில், கல்பாக்கத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் நடுவே ஒரு கடலோர கிராமத்துப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தார். பள்ளியில் அவர் கையில் பிரம்பே கிடையாது என்று கேள்விப்பட்டபோது எங்களால் நம்ப முடியவில்லை. வீட்டில் எனக்கு விழுந்த குட்டுகள் என் தலைக்குத்தான் தெரியும்.

கணக்கு வராத பிள்ளை என்று ஒருவரும் இல்லை, எந்த வகுப்பில் கை நழுவியது என்று கண்டுபிடித்தால் போதும் என்பது அக்காவின் கொள்கை. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கு எட்டாம் வகுப்புக் கணக்கைக் கொடுப்பார். வராவிட்டால் ஏழு, ஆறு என்று இறங்கிக்கொண்டே போவார். எங்கே பிள்ளை தயங்காமல் போடுகிறதோ அங்கிருந்து கைபிடித்து மேலே கூட்டிவருவார்.

அந்தப் பள்ளியில், பல பள்ளிகளில் உள்ளதைப் போலவே, ஒரு வழக்கம் இருந்தது. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறைந்துவிடக் கூடாது என்று, படிப்பு ஏறாதவர்களை ஒன்பதிலேயே நிறுத்திவிடுவார்கள். அக்கா அதை எதிர்த்து ஆண்டுதோறும் தலைமையாசிரியரிடம் சண்டை போட்டு எல்லாரையும் மேலே ஏற்றிவிடுவார். நிறுத்தப்பட்ட பிள்ளை, அதிலும் பெண் பிள்ளை, திரும்பப் பள்ளிக்கு வராது என்பது அவர் வாதம். அது பெரும்பாலும் உண்மைதான்.

தேவகி என்று ஒரு மாணவி. மீன் விற்கும் குடும்பம். வகுத்தலிலேயே நின்றுவிட்ட பெண்ணை அக்கா ஒரே ஆண்டில் ஏழாம் வகுப்புக் கணக்கு வரை கொண்டுவந்திருந்தார். இன்னும் ஒரு வருடம் ஒன்பதிலேயே இருக்கட்டும், தேறிவிடுவாள் என்றார் தலைமையாசிரியர். அவருக்குக் கவலை விழுக்காட்டைப் பற்றித்தான் என்று அக்கா நினைத்தார். வழக்கம்போல் வாதாடி ஜெயித்தார்.

பத்தாம் வகுப்பில் பாடம் முடிக்கவே நேரம் போதவில்லை. ஏழாம் வகுப்புக் கணக்கிலிருந்து கைபிடித்து அழைத்துவர எங்கே நேரம்? தேவகி கணக்கில் மட்டும் தோற்றாள். அந்தக் கோடையிலேயே பக்கத்துக் குப்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். அக்டோபர் தேர்வாவது எழுத விடுங்கள் என்று அக்கா அந்த வீட்டுக்கே போய்க் கேட்டார். கட்டிக்கினு வந்த பொண்ணு பரிச்சைக்குப் போனா ஊரு இன்னா பேசும் டீச்சர் என்று சொல்லி, மாமியார் மோர் கொடுத்து அனுப்பிவிட்டார்.

அதற்குப் பிறகும் அக்கா யாரையும் நிறுத்த விடவில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்புத் தேர்ச்சி முடிவாகும் ஏப்ரல் மாதம் வந்தால் சாப்பாடு இறங்காது. ஏன் என்று கேட்டால் வெயில் என்பார்.

வயிற்றில் புற்று என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. வலி இருந்திருக்கிறது; பொதுத்தேர்வு முடியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறார். பழைய மாணவர்கள் பலர் வந்தார்கள். இன்று அணுமின் நிலையத்தில் வேலை கிடைத்து அணுபுரம் குடியிருப்பில் இருப்பவர்கள்கூட, உங்களால்தான் டீச்சர் என்று அழுதார்கள். அக்கா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, தேவகியைப் பார்க்க வேண்டும் என்றார்.

என் கணவர் போய் அழைத்துவந்தார். ஆறுதலாக நாலு வார்த்தை பேசம்மா என்று வாசலிலேயே சொல்லித்தான் உள்ளே விட்டேன்.

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்: "அன்னைக்கு உன்னை ஒம்பதாவதுலயே நிறுத்தியிருக்கணுமா தேவகி?"

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

"நிறுத்தியிருக்கலாம் டீச்சர். இன்னும் ஒரு வருசம் வுட்டிருந்தா கணக்கப் புடிச்சிருப்பேன்."

அக்கா கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தார். கையை மட்டும் விடவில்லை. அந்த வாரமே போய்விட்டார்.

கடைசிவரை வீட்டுக்கே வந்து ஊசி போட்ட செவிலியருக்கும், இரத்தம் கொடுத்த மாணவர்களுக்கும், சண்டையை எல்லாம் மறந்து தோள் கொடுத்த தலைமையாசிரியருக்கும், இறுதிக் காரியங்களில் உடனிருந்த அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

தேவகிக்கும் நன்றி சொல்ல வேண்டும். அக்காவிடம் பொய் சொல்லாதவள் அவள் ஒருத்திதான். சொல்ல எனக்கு இன்னும் மனம் வரவில்லை.